குறும்புக்கார மட்டக்குதிரைக்கு ஒரு புதிய வீடு

இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் ஒரு வீடு. வீட்டின் பின்னால் ஒரு சிறு லாயம். காலையில் எழுந்து பார்த்தால் லாயத்தின் கதவு திறந்து கிடக்கிறது. தீவனத் தொட்டி கவிழ்ந்து கிடக்கிறது. தோட்டத்தில் நேற்றுவரை இருந்த காரட் பாத்தியைக் காணோம். இவ்வளவுக்கும் காரணமான குற்றவாளியோ, ஒன்றும் அறியாத சாதுவைப்போல வேலியோரம் நின்று புல் மேய்ந்துகொண்டிருக்கிறது. அது ஒரு மட்டக்குதிரை.

வீட்டின் மூத்த பெண்ணுக்கு 6 வயது ஆனபோது அது அங்கு வந்தது. இன்று அவளுக்கு 12 வயது. ஏறி உட்கார்ந்தால் அவளுடைய பாதங்கள் குதிரையின் வயிற்றுக்கும் கீழே தொங்குகின்றன. தம்பிக்கு 10 வயது, அவனும் வளர்ந்துவிட்டான். "இதற்கு வேறு நல்ல வீடு பார்க்கவேண்டும்" என்கிறார் தந்தை. பிள்ளைகளின் முகம் வாடுகிறது. "இந்தப் போக்கிரியை யார் ஏற்பார்கள்?" என்று கேட்கிறார் தாய்.

இது நாம் கற்பனை செய்துகொண்ட குடும்பந்தான். ஆனால் குழந்தைகள் மட்டக்குதிரை ஏறிப் பழகும் பிரிட்டன் போன்ற நாடுகளில் இத்தகைய பேச்சு பல வீடுகளில் எழுவது உண்டு. மாணவர்களே, இந்தச் சிறு குடும்பப் பிரச்சினைக்குள் உயிரியலும் உளவியலும் கொஞ்சம் கணக்கும் ஒளிந்திருக்கின்றன. குழந்தை வளர்ந்தால் குதிரை ஏன் போகவேண்டும்? அதன் குறும்பு எங்கிருந்து வந்தது? அந்தக் குறும்பு புதிய வீட்டுக்கும் கூடவே போகுமா? ஒவ்வொன்றாகக் காண்போம்.

மட்டக்குதிரை என்பது எது?

குதிரையின் உயரத்தைத் தலை உச்சிவரை அளப்பதில்லை. தலையை அது ஏற்றியும் இறக்கியும் கொண்டிருக்கும் அல்லவா? எனவே கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்திலுள்ள தோள்மேடுவரைதான் அளப்பார்கள். சர்வதேசப் போட்டிகளில், லாடம் இல்லாமல் அளந்தால் 148 சென்டிமீட்டருக்கு மேற்படாத குதிரையே மட்டக்குதிரை எனக் கொள்ளப்படுகிறது.

மட்டக்குதிரைகளில் பல இனங்கள் உண்டு. அவற்றுள் மிகவும் புகழ்பெற்றது ஷெட்லாந்து இனம். ஸ்காட்லாந்துக்கு வடக்கே கடலில் கிடக்கும் ஷெட்லாந்துத் தீவுகள் இதன் தாயகம். மரங்கள் அரிதான, காற்று ஓயாத, புல் மெலிந்த பூமி அது. குறைந்த தீவனத்தில் உயிர் பிழைத்து, கிடைத்ததைக் கொழுப்பாகச் சேமித்துக் குளிர்காலத்தைக் கடக்கவல்ல உடல்களே அங்கு நிலைத்தன. குட்டையான கால்கள், அகன்ற மார்பு, அடர்ந்த பிடரிமயிர் இவையெல்லாம் அந்தச் சூழ்நிலை செதுக்கித் தந்த உருவம். இந்த இனத்தின் வம்சாவளியைப் பதிவு செய்யும் சங்கம் 1890-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 42 அங்குலத்துக்கு (சுமார் 107 செ.மீ.) மேல் உயரம் இருக்கக்கூடாது என்பது அதன் விதி.

குழந்தைகளுக்கும் இந்தக் குதிரைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் சிறுவர் சிறுமியரும் பெண்களும் நிலத்தடியில் வேலை செய்தனர். 1842-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் சுரங்கத்துக்குள் வேலைக்கு இறக்கக்கூடாது என்று தடுத்தது. தாழ்ந்த சுரங்கப் பாதைகளில் கரி வண்டியை இழுக்கச் சிறிய, வலிமையான விலங்கு தேவைப்பட்டது. ஷெட்லாந்துக் குதிரைகள் கூட்டங்கூட்டமாகக் கப்பலேறின. அன்று குழந்தைகளின் சுமையைத் தோளில் வாங்கிக்கொண்ட இனம், இன்று குழந்தைகளையே முதுகில் சுமக்கிறது.

இரண்டு ஆயுள்கள், ஒரு கணக்கு

இனி நம் கணக்குக்கு வருவோம். மட்டக்குதிரை சாதாரணமாக 25 முதல் 30 ஆண்டுகள்வரை வாழும். அதற்கு மேலும் வாழ்பவை உண்டு. சுமார் 5 வயதில் எலும்பும் தசையும் முதிர்ந்து சுமக்கத் தயாராகிவிடும். நன்றாகப் பராமரித்தால் 20 வயதைத் தாண்டியும் குழந்தைகளைச் சுமக்கும். ஆகவே அதன் உழைப்புக் காலம் 15 முதல் 20 ஆண்டுகள்.

குழந்தையின் நிலை என்ன? 6 வயதில் ஏறிப் பழகினால், 10 அல்லது 11 வயதுக்குள் சிறிய மட்டக்குதிரை அதற்குப் போதாமல் போய்விடும். அதாவது ஒரு குழந்தையின் "குதிரைப் பருவம்" ஏறத்தாழ 5 ஆண்டுகள். 20-ஐ 5-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மட்டக்குதிரை தன் வாழ்நாளில் மூன்று நான்கு குழந்தைப் பருவங்களைக் கடந்துவிடுகிறது! ஆகவே குதிரை வீடு மாறுவது யாரும் செய்த தவறு அன்று. இரு உயிரினங்களின் கடிகாரங்கள் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதன் விளைவு.

'போதாமல் போகும்' என்பதை எடையால் அளக்கலாம். 2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குதிரைகளின் மீது அவற்றின் உடல் எடையில் 15, 20, 25, 30 சதவீதம் எனச் சுமை ஏற்றி ஓடவிட்டுப் பார்த்தனர். 20 சதவீதம்வரை பெரிய வேறுபாடு இல்லை. 25, 30 சதவீதம் ஆனபோது இதயத் துடிப்பு கூடியது. தசைகளில் வலியும் இறுக்கமும் அதிகமாயின. இதனால் சேணத்தையும் சேர்த்துச் சுமை 20 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பர்.

நம் கதையின் குதிரை 180 கிலோகிராம் எடையுள்ள ஷெட்லாந்து என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 சதவீதம் 36 கிலோகிராம். சேணத்துக்கு 4 கிலோவைக் கழித்தால் மிஞ்சுவது 32. அந்நாட்டின் 6 வயதுக் குழந்தை ஏறத்தாழ 20 கிலோ எடை இருக்கும், எளிதாகச் சுமக்கலாம். 10 வயதில் எடை 32 கிலோவை எட்டுகிறது. அங்கேயே எல்லைக்கோடு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு குமரப்பருவத்தின் திடீர் வளர்ச்சி தொடங்கும். அப்போது ஆண்டுக்கு 8 செ.மீ.வரை உயரம் கூடுவதும் உண்டு. நெடிய உடல் குட்டைக் குதிரையின் மேல் அமர்ந்து சற்றே சாய்ந்தாலும் புவியீர்ப்பு மையம் இடம் பெயர்ந்து குதிரையின் சமநிலை கெடும். "இன்னும் ஒரே ஓர் ஆண்டு" என்று பிள்ளைகள் கெஞ்சலாம். அந்த ஓர் ஆண்டின் விலையைக் குதிரையின் முதுகல்லவா கொடுக்கவேண்டும்?

பூனைப் பெட்டியும் லாயத் தாழ்ப்பாளும்

கணக்கு முடிந்தது, குறும்புக்கு வருவோம். மட்டக்குதிரை தாழ்ப்பாளைத் திறப்பது எப்படி?

அதன் மேலுதடு மிகவும் நெகிழ்வானது; பொருள்களைப் பற்றி நகர்த்தவல்லது. குதிரையின் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால், தன் மூக்குக்கு நேர் கீழே இருப்பதை அதனால் பார்க்க முடியாது. அந்தக் குறையை உதடும் அதைச் சுற்றியுள்ள உணர்முடிகளும் ஈடு செய்கின்றன. புல்லிலிருந்து முள்ளை ஒதுக்குவதற்கென்று அமைந்த இந்தக் கருவியே தாழ்ப்பாளையும் தடவிப் பார்க்கிறது.

1898-ஆம் ஆண்டில் எட்வர்டு தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலார் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். பசித்த பூனையை ஒரு பெட்டிக்குள் அடைத்து, வெளியே மீனை வைத்தார். பெட்டிக்குள் தொங்கும் கயிற்றை இழுப்பது போன்ற ஏதாவது ஒரு செயலைச் செய்தால் கதவு திறக்கும். முதலில் பூனை பிறாண்டியது, கடித்தது, குதித்தது. தற்செயலாகக் கயிறு இழுபட்டுக் கதவு திறந்தது. மறுபடி மறுபடி அடைத்தபோது, வெளியேற எடுத்துக்கொண்ட நேரம் சிறிது சிறிதாகக் குறைந்தது. இறுதியில் அடைத்தவுடனேயே கயிற்றை இழுத்து வெளியே வந்தது. இன்பமான விளைவைத் தரும் செயல் வலுப்பெறும், துன்பமான விளைவைத் தரும் செயல் தேயும் என்று தார்ண்டைக் கூறினார். இதுவே 'விளைவு விதி' எனப்படுகிறது.

லாயத்தில் நடந்ததும் அதுவேதான். ஒரு நாள் சும்மா நின்றிருந்த குதிரை தாழ்ப்பாளை உதட்டால் உருட்டியது. தாழ் நகர்ந்தது, கதவு திறந்தது, வெளியே தீவனம்! திட்டமிட்ட சதி எதுவும் இல்லை. வீட்டார் அறியாமலேயே தார்ண்டைக்கின் பெட்டி அவர்கள் கொல்லையில் அமைந்துவிட்டது.

மற்றக் குறும்புகளையும் இந்த விதியால் விளக்கலாம்.

குழந்தையை ஏற்றிக்கொண்டு செல்லும்போது திடீரெனத் தலையைத் தாழ்த்திப் புல்லைக் கடிப்பது ஒரு குறும்பு. குதிரையின் கழுத்து வலிமைக்கு முன் 6 வயதுக் குழந்தையின் கைகள் எம்மாத்திரம்? கடிவாள வார் கையிலிருந்து உருவிக்கொள்ளும். குதிரைக்கு உடனே பரிசு: ஒரு வாய்ப் புல்.

மைதான வாசல் அருகே வந்ததும் தோளைச் சாய்த்துக் குழந்தையைக் கீழே உருட்டுவது இன்னொன்று. இங்கே பரிசு, தொல்லை நீங்குவது. சுமை இறங்கியது, பயிற்சி முடிந்தது, லாயத்துக்குத் திரும்பியாயிற்று.

பிடிக்கப் போனால் மைதானமெல்லாம் ஓடுவது மூன்றாவது. பிடிபட்டால் வேலை, பிடிபடாவிட்டால் புல். எது இலாபம் என்பதைக் குதிரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குதிரைக்குப் பயிற்சி தருவதே பெரும்பாலும் அழுத்தத்தாலும் அதை விடுவிப்பதாலுந்தான். கடிவாளத்தை இழுத்தால் வாயில் அழுத்தம். குதிரை நின்றதும் இழுப்பைத் தளர்த்தவேண்டும். குதிரை பாடம் கற்பது இழுக்கும்போது அன்று, தளர்த்தும்போது. சிறு குழந்தையோ பயத்தில் வாரைப் பிடித்து இழுத்தபடியே இருக்கும். குதிகாலால் உதைத்தபடியே இருக்கும். நின்றாலும் நடந்தாலும் அழுத்தம் ஓயாது என்றால், குதிரை அந்த அடையாளத்தையே பொருட்படுத்தாமல் விட்டுவிடும். பிறகு அதற்குப் 'பிடிவாதம்' என்று பெயர் வைக்கிறோம்! யார் யாருக்குப் பாடம் நடத்தினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எப்போதாவது கிடைக்கும் பரிசு

"நாங்கள் பெரும்பாலும் தடுத்துவிடுகிறோம், எப்போதாவதுதான் விட்டுவிடுகிறோம்" என்று வீட்டார் சொல்லக்கூடும். சிக்கலே அந்த 'எப்போதாவது' என்ற சொல்லில்தான் இருக்கிறது. பி. எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலார் எலிகளையும் புறாக்களையும் கொண்டு செய்த பரிசோதனைகளில் ஓர் உண்மை வெளிப்பட்டது. விசையை அழுத்தும்போதெல்லாம் இரை கிடைத்துவந்த விலங்கு, இரை நின்றதும் விரைவில் அழுத்துவதை விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே மட்டும் இரை பெற்ற விலங்கோ, நின்ற பிறகும் நெடுநேரம் விடாமல் அழுத்தும். லாட்டரிச் சீட்டுப் பைத்தியம் மனிதனை விடாததும் இதனால்தான்.

இன்னொரு செய்தியும் நினைவிருக்கட்டும். பரிசு அடியோடு நின்றவுடன், அந்தப் பழக்கம் அணைவதற்கு முன் சிறிது காலம் முன்னைவிட வேகமாக எரியக்கூடும். பொத்தானை அழுத்தியும் விளக்கு எரியாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? நான்கைந்து முறை ஓங்கி அழுத்துவோம் அல்லவா? அதைப் போலத்தான். புதிய வீட்டின் முதல் சில வாரங்களைப் புரிந்துகொள்ள இது மிகவும் தேவைப்படும்.

குறும்பா, வலியா?

எல்லாவற்றையும் குறும்பு என்று எழுதிவிடக் கூடாது. குதிரைக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது. சேணம் உறுத்தினாலும், கடைவாய்ப்பல் கூராகிக் கன்னத்தைக் கிழித்தாலும், குளம்பில் நோவு இருந்தாலும் அது உதறும், கடிக்க வரும், நகர மறுக்கும். நேற்றுவரை சாதுவாக இருந்த குதிரை இன்று திடீரென முரண்டு பிடித்தால் முதலில் அழைக்கவேண்டியவர் பயிற்சியாளர் அல்லர், கால்நடை மருத்துவர். வலி இல்லை என்று உறுதியான பிறகே பழக்கத்தைப் பற்றிப் பேசலாம்.

பெர்லின் நகரத்துக் குதிரை சொன்ன பாடம்

பழைய வீட்டில் குறும்பு செய்த குதிரை புதிய வீட்டில் எப்படி நடந்துகொள்ளும்? இதற்கு விடை தேட, சற்றே ஜெர்மனிக்குச் செல்வோம்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் 'கெட்டிக்கார ஹான்ஸ்' என்று ஒரு குதிரை பெரும்புகழ் பெற்றிருந்தது. அதன் சொந்தக்காரர் வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்பவர். கூட்டல் கணக்குக் கேட்டால், விடைக்குரிய எண்ணிக்கையில் குளம்பைத் தரையில் தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆராய்ச்சியாளர் அதைக் கவனமாகப் பரிசோதித்து 1907-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தவறியது. கேட்பவர் கண்ணில் படாதபோதும் தவறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையும் உடலும் தம்மை அறியாமலேயே மிகச் சிறிதளவு அசைகின்றன. குதிரை அந்த அசைவைக் கண்டு தட்டுவதை நிறுத்திவிடுகிறது! அதற்குக் கணக்குத் தெரியவில்லை. ஆனால் அதைவிட வியப்பான ஒன்று தெரிந்திருந்தது: மனிதரைப் படிக்கத் தெரிந்திருந்தது.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது என்ன? குதிரையின் நடத்தை குதிரைக்குள் மட்டும் இல்லை. எதிரே நிற்பவரிடமும் இருக்கிறது. தயங்கும் கையையும் உறுதியான கையையும் அது பிரித்தறியும். பயந்த குழந்தையிடம் போக்கிரியாக இருக்கும் அதே குதிரை, அமைதியும் நிதானமும் உள்ள சவாரியாளரிடம் ஒழுங்காக நடக்கலாம். ஆகவே 'இது நல்ல குதிரையா, கெட்ட குதிரையா?' என்ற கேள்விக்குப் பொருள் இல்லை. 'இது யாருக்கு ஏற்ற குதிரை?' என்பதே சரியான கேள்வி.

உண்மையைச் சொல்லுவதே பாதுகாப்பு

தந்தை இப்போது ஒரு விளம்பரம் எழுத உட்காருகிறார். "சாதுவானது, சிறு குழந்தைகளுக்கு ஏற்றது" என்று எழுதினால் குதிரை விரைவில் விலைபோகும். தாழ்ப்பாள் திறப்பதையும் வாசலருகே தள்ளிவிடுவதையும் எழுதினால் ஆள் வர நாளாகும். எதை எழுதுவது?

முதல் வகையில் எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதன்முதலாகக் குதிரை ஏறும் ஓர் 5 வயதுக் குழந்தை அதன் மேல் அமர்கிறது. மூன்றாம் நாள் விழுகிறது. கையொடியலாம், அல்லது வாழ்நாள் முழுதும் குதிரை என்றாலே அச்சம் தங்கிவிடலாம். வாங்கியவர்கள் கோபத்தோடு அதை இன்னொருவருக்குத் தள்ளிவிடுவார்கள். அவர்களும் உண்மையை மறைப்பார்கள். இப்படிக் கைமாறக் கைமாற, ஒவ்வொரு வீட்டிலும் "தள்ளினால் தொல்லை தீரும்" என்ற பாடமே குதிரைக்கு உறுதியாகும். இன்று குறும்பு எனப்படுவது நாளை ஆபத்து எனப்படும். ஆபத்தானது என்று பெயரெடுத்த குதிரைக்கு நல்ல முடிவு கிடைப்பது அரிது.

உண்மையை எழுதினால், அதற்கு ஏற்ற வீடு தேடிவரும். சில ஆண்டுகள் ஏறிப் பழகிய, எடை குறைந்த, துணிச்சலான 8 வயதுக் குழந்தை இருக்கும் வீடு. பக்கத்தில் நின்று வழிகாட்டும் பெரியவர் இருக்கும் வீடு. சுமக்கும் எடைக்குத்தான் எல்லை குறைவு. சிறு வண்டியை இழுக்கப் பழகினால் பெரியவர்களுக்கும் அது பயன்படும். இவை எதுவும் இல்லையென்றாலும், தனிமையில் வாடும் இன்னொரு குதிரைக்குத் துணையாகச் சேரலாம். பிரிட்டனில் விற்காமல், உடைமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, எழுத்து ஒப்பந்தத்தின்பேரில் வேறு குடும்பத்திடம் ஒப்படைக்கும் வழக்கமும் இருக்கிறது. ஒத்துவராவிட்டால் குதிரை பழைய வீட்டுக்கே திரும்பிவிடும்.

அங்கு விஞ்ஞானமும் உண்மைக்குக் காவல் நிற்கிறது. வாங்குபவர் சார்பில் கால்நடை மருத்துவர் குதிரையை நிற்கவைத்தும் ஓடவைத்தும் பரிசோதிப்பார். இரத்த மாதிரியும் எடுத்துவைப்பார். அது ஆறு மாதம்வரை பாதுகாக்கப்படும். விற்கும் நாளில் வலிநிவாரணியோ மயக்கமருந்தோ கொடுத்துக் குதிரையைச் சாதுவாகக் காட்டியிருந்தால், பின்னால் இரத்தம் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கிலாந்தில் 2020-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் எல்லாக் குதிரைகளுக்கும் கழுத்தில் 'மைக்ரோசிப்' பொருத்தியிருக்க வேண்டும் என்பது சட்டம். அரிசியளவுள்ள இந்தச் சில்லில் மின்கலம் இல்லை. படிக்கும் கருவியை அருகே கொண்டுசென்றால், அது வெளிவிடும் அலைகளிலிருந்தே ஆற்றலைப் பெற்று, தன் 15 இலக்க எண்ணைத் திருப்பி அனுப்பும். குதிரைக்கென ஒரு கடவுச்சீட்டும் உண்டு. புதிய உடைமையாளர் 30 நாட்களுக்குள் தம் பெயரை அதில் மாற்றிப் பதிவு செய்யவேண்டும்.

புதிய வீட்டின் முதல் மாதம்

வீடு கிடைத்துவிட்டது. வண்டியில் ஏற்றி இறக்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. முதலில் வயிற்றைக் கவனிக்கவேண்டும்.

மாடு அசைபோட்டு முன் இரைப்பையில் புல்லை நொதிக்கவைக்கிறது. குதிரைக்கு அந்த வேலை உணவுப்பாதையின் பின்பகுதியில், பெருங்குடலிலும் அதன் தொடக்கத்திலுள்ள பெரிய பையிலும் நடைபெறுகிறது. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் நார்ப்பொருளைச் சிதைத்து உணவாக்குகின்றன. தீவனம் திடீரென மாறினால் இந்த நுண்ணுயிர்க் கூட்டம் நிலைகுலையும், வயிற்றுவலி ஏற்படும். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது என்பதால், வயிற்றுக் கோளாறு உயிருக்கே ஆபத்தாகக்கூடும். எனவே பழைய வீட்டின் வைக்கோலையும் உலர்புல்லையும் கூடவே அனுப்பி, புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து ஒன்றிரண்டு வாரங்களில் மாற்றவேண்டும்.

செழிப்பான பசும்புல்லும் மட்டக்குதிரைக்குப் பகை. மெலிந்த புல்லில் வாழ அமைந்த உடல் அல்லவா? சர்க்கரை மிகுந்த புல்லை வயிறார மேய்ந்தால் இரத்தத்தில் இன்சுலின் மிகையாகி, 'லாமினைட்டிஸ்' என்ற குளம்பு நோய் வரும். குளம்பின் சுவரையும் உள்ளே இருக்கும் எலும்பையும் பிணைக்கும் மெல்லிய திசு அடுக்குகள் பழுதடைந்து, அடியெடுத்து வைப்பதே வேதனையாகிவிடும். அன்பு மிகுதியால் புதிய வீட்டார் பெரிய பசும்புல்வெளியைத் திறந்துவிட்டால் அதுவே தீங்காக முடியும்.

அடுத்தது தொற்று. 'ஸ்ட்ராங்கில்ஸ்' என்ற நோயைப் பரப்பும் பாக்டீரியாவைப் புதிய குதிரை சுமந்து வரலாம். தொண்டையிலுள்ள நிணநீர்க் கணுக்கள் வீங்கிச் சீழ் பிடிக்கும் நோய் இது. எனவே ஏறத்தாழ மூன்று வாரம் தனியே வைத்துக் காய்ச்சலைக் கண்காணிப்பது வழக்கம். ஆனால் குதிரை கூட்டமாக வாழும் விலங்கு. முற்றிலும் தனிமைப்பட்டால் தவிக்கும். சற்றுத் தொலைவில் மற்றக் குதிரைகள் கண்ணில் படும்படி வைப்பார்கள். பிறகு வேலிக்கு அப்புறமும் இப்புறமுமாகப் பழகவிட்டு, கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பார்கள்.

இத்தனையும் ஒழுங்காக நடந்தாலும், பழைய குறும்புகள் ஒரு நாள் தலைகாட்டத்தான் செய்யும். இரண்டாம் வாரத்தில் அது தாழ்ப்பாளைத் திறக்கப் பார்க்கும். அங்கே கதவின் அடியில், உதடு எட்டாத இடத்தில், காலால் தள்ளும் இன்னொரு தாழ் இருக்கும். தலையைத் தாழ்த்திப் புல்லைத் தேடும். அதற்கென்று கட்டிய வார் தடுக்கும். வாசலருகே தோளைச் சாய்க்கும். பயிற்சி முடியாது, இன்னும் இரண்டு சுற்று தொடரும். பிடிக்க வருபவர் சில நாட்கள் ஒரு காரட் துண்டைக் கொடுத்துக் கழுத்தைத் தடவிவிட்டு, வேலை வாங்காமலேயே திரும்புவார். பிடிபடுவதும் நல்லதுதான் என்று அதற்குத் தோன்றத் தொடங்கும். பரிசு நின்ற குறும்பு சில நாள் மூர்க்கமாகித்தான் ஓயும். அந்தச் சில நாட்களில் "ஏமாந்துவிட்டோம்" என்று நினைத்துக் கைவிடாதிருக்க, பழைய வீட்டார் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். எதிர்பார்த்த குறும்பு யாரையும் அச்சுறுத்தாது.

அது நம்மை மறந்துவிடுமா?

பிரிந்த பிள்ளைகள் கேட்கும் கடைசிக் கேள்வி இது. குதிரையின் ஞாபகசக்தி வலிமையானது. 2009-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், உருவங்களைப் பிரித்தறியக் கற்ற குதிரைகள், இடையில் பயிற்சியே இல்லாமல் பல ஆண்டுகள் கழித்தும் அவற்றைச் சரியாக அடையாளம் கண்டன. பழகிய மனிதரின் முகத்தையும் குரலையும் குதிரைகள் அறியும் என்பதும் தெரியவந்திருக்கிறது. ஆகவே ஓராண்டு கழித்துப் பார்க்கப் போனால் அது செவியை நிமிர்த்தி வேலியருகே வரலாம். ஆனால் அது ஏங்கி அழுதுகொண்டிருக்கும் என்று எண்ணி வருந்தவேண்டியதில்லை. பக்கத்தில் தோழமைக்கு ஒரு குதிரை, நாளெல்லாம் மேயப் போதிய நார்த்தீவனம், நிதானமான ஒரு கை ஆகிய இவைதான் அதன் நாட்களை நிரப்புகின்றன.

நன்கு பழகி, சவாரியாளருக்கே பாடம் சொல்லித்தரும் குதிரையை ஆங்கிலேயர் 'பள்ளியாசிரியர்' என்று அழைப்பது வழக்கம். இளமையில் போக்கிரியாக இருந்த மட்டக்குதிரையும் தகுந்த கைகளில் சேர்ந்தால் பள்ளியாசிரியர் ஆகலாம். மனிதரைக் கூர்ந்து கவனிக்கும் அறிவு இரண்டுக்கும் ஒன்றுதானே!

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் வீட்டில் குதிரை இருக்காது. ஆனால் பந்தலைத் தாண்டிக் கீரையைக் கடிக்கும் ஆடு, பால் பாத்திரத்தைக் குறிவைக்கும் பூனை, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் குரைக்கும் நாய், ஏதாவது ஒன்று இருக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்று கட்டங்கள் வரையுங்கள். முதல் கட்டத்தில் குறும்புக்கு முன் என்ன நடந்தது என்பதையும், இரண்டாவதில் விலங்கு என்ன செய்தது என்பதையும், மூன்றாவதில் உடனே அதற்கு என்ன கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எழுதிய பிறகு மூன்றாம் கட்டத்தை மட்டும் படித்துப் பாருங்கள். அந்தப் பரிசைக் கொடுத்தது யார் என்பது தெரியவரும். பல சமயங்களில் அது நீங்களாகவே இருக்கும்!